கேரவனுக்குள் எலி வராமல் இருக்க முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கேரவனில் குடும்பத்தோடு போய் முகாமிடுவது பற்றித் தங்கள் பயண இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடம் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். எலி, பூச்சி என்று வரும்போது மட்டும் நாலு வரியில் முடித்துவிட்டார்கள். புதினா எண்ணெயைப் பஞ்சில் நனைத்து மூலைக்கு மூலை வையுங்கள், அந்துருண்டை போடுங்கள், நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கிற மீயொலிக் கருவியைச் செருகி வையுங்கள் என்பதோடு சரி. அந்த நாலு வரியை நம்பி யாரும் பிள்ளைகுட்டிகளோடு காட்டோரம் போய்ப் படுத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாகனங்களுக்கு வயரிங் செய்வது என் தொழில். கேரவன், மோட்டார் ஹோம் போன்ற வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வரும். விடுமுறையில் நாங்களும் குடும்பமாக அப்படி ஒரு வண்டியில் கிளம்பிவிடுவோம். ‘உள்ளே லைட் எரியவில்லை’, ‘ஃபிரிட்ஜ் ஓடவில்லை’, ‘எத்தனை ஃபியூஸ் போட்டாலும் போய்விடுகிறது’ என்று வருகிற வண்டிகளில் பலகையைக் கழற்றிப் பார்த்தால் அடிக்கடி கண்ணில் படுவது கடிபட்ட வயர். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஓர் அழுத்தமான கருத்து உண்டு. எலி உள்ளே வருகிற ஓட்டையை அடைக்காமல் வேறு எதைச் செய்தாலும் பயன் இல்லை. அடைக்கிற வேலையை, கிளம்புவதற்கு முன்பே, வண்டிக்கு அடியில் படுத்துத்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு பெரிய ஓட்டை என்று கேட்பார்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும். பென்சில் நுழைகிற துளை என்றால் சுண்டெலியும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை உள்ளே போய்விட்டால் மற்ற உடம்பை அது நெளித்து இழுத்துக்கொள்ளும். எலிக்கு 12 மில்லிமீட்டர் கிடைத்தாலே ஆபத்துதான். இடைவெளி இன்னும் சிறியதாக இருந்து, ஓரம் பிளாஸ்டிக்காகவோ மரமாகவோ இருந்தால், கொறித்துப் பெரிதாக்கிக்கொள்ளும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்கு வாழ்க்கை இல்லை.

எங்கே பார்ப்பது? சிங்க்குக்கு அடியில் இருக்கிற அலமாரியில் தொடங்குங்கள். டப்பா, பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிற இடம் ஒரு மூலையில் இருக்கும். குழாயின் பருமன் 12 மில்லிமீட்டராக இருக்கும், அதற்காகப் போட்ட துளையோ 35, 40 என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வண்டி கட்டுகிறவர் கையில் எந்த ஹோல் சா, அதாவது வட்டத் துளை போடும் ரம்பம், இருந்ததோ அந்த அளவில் துளை போட்டிருப்பார். குழாயைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் ஃபோம் அடித்திருப்பார், இன்னொரு பக்கத்தில் தரையே தெரியும். அந்த ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். நாளான வண்டியாக இருந்தால் அதில் சின்னச் சின்ன அரைவட்டமாகப் பல் பட்ட தடம் இருக்கும், கீழே மஞ்சள் துகள் உதிர்ந்து கிடக்கும். ஃபோம் காற்றைத் தடுக்கும், எலியைத் தடுக்காது.

இதே மாதிரித் துளைகள் வண்டி முழுக்க உண்டு. கேஸ் குழாய் இறங்குகிற இடம், கழிவுநீர்க் குழாய் வெளியே வருகிற பெட்டி, வெளி மின்சாரம் எடுக்கும் கேபிளுக்கான மூடி, சக்கரத்துக்கு மேலே வளைவுப் பலகை சுவரோடு சேரும் விளிம்பு, படிக்கட்டு மடங்கி உள்ளே போகும் குழி, வெளியே திறக்கும் சாமான் அறைக் கதவுகளின் ரப்பர், மோட்டார் ஹோம் என்றால் எஞ்சின் பக்கத்திலிருந்து டேஷ்போர்டுக்கு வயர் கட்டு நுழையும் துளை. பக்கவாட்டில் அறையை இழுத்து நீட்டும் அமைப்பு உள்ள வண்டிகளில் அதன் நான்கு மூலைகளையும் கட்டாயம் பாருங்கள். ரப்பர் பட்டை நேர்கோட்டில் நன்றாக அமர்ந்திருக்கும், மூலையில்தான் மடிந்து இடைவெளி விடும். அடிவயிற்றை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் ஓரிடத்தில் கிழிசல் இருந்தால் போதும், எலி அதற்குள் ஏறி வண்டியின் நீளம் முழுக்க நடந்து, தனக்கு வசதியான துளை வழியாக மேலே வந்துவிடும்.

பகலில் கண்ணுக்குத் தப்புகிற துளைகளை இரவில் கண்டுபிடிக்கலாம். நாங்கள் செய்வது இதுதான். இருட்டிய பிறகு உள்விளக்குகளை அணைத்துவிட்டு நான் பெரிய டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வேன். என் மனைவி உள்ளே அலமாரிக் கதவுகளையும் கட்டிலுக்கு அடியில் உள்ள பலகைகளையும் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கீழே வெளிச்சத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போக, உள்ளே எங்கே ஒரு கீற்று தெரிகிறதோ அங்கே அவள் சாக்பீஸால் வட்டம் போடுவாள். காலையில் அந்த வட்டங்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டால் தீர்ந்தது. பலகைக்குள் வளைந்து வளைந்து போகிற வழிகளில் வெளிச்சம் தெரியாது என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலான துளைகள் இதில் அகப்பட்டுவிடும்.

அடைக்கும் முறையில் கவனம் தேவை. மெல்லிய செம்புக் கம்பியில் பின்னிய வலை கிடைக்கும், அல்லது துருப்பிடிக்காத ஸ்டீல் நார். அதைத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து, மேலே சீலன்ட் பூசி மூடுங்கள். கொறிக்க வருகிற எலியின் பல்லில் கம்பி சிக்கும், விட்டுவிட்டுப் போய்விடும். சாதாரண இரும்பு நார் வேண்டாம். அடியில் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருப்பதால் சீக்கிரம் துருப்பிடித்துப் பொடியாக உதிரும். வயர்களுக்குப் பக்கத்தில் எந்த உலோக நாரைத் திணித்தாலும், முதலில் வயரை உறை போட்டு மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் அதிர்வில் கம்பி உரசி இன்சுலேஷனை அறுத்துவிடும். வயர் நுழையும் துளைக்கு என் முதல் தேர்வு கேபிள் கிளாண்ட், அதாவது வயரைச் சுற்றி ரப்பரோடு முறுக்கி இறுக்கும் அந்த மூடி. பெரிய இடைவெளிக்கு 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் உள்ள வெல்டட் மெஷ்ஷை வெட்டி, திருகு போட்டு முடுக்கிவிடலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று என் பட்டறையிலேயே சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், “அண்ணே, வண்டி 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது, வயர் கடிபட்டால் என்ன ஆகிவிடும்?” என்றார். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால், கேரவனில் உள்ள பேட்டரி ஷார்ட் ஆகிற நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட்டைத் தள்ளக்கூடியது. வயர் பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் இருக்கும் பிளைவுட்டையும் எலி சேர்த்துவைத்த பஞ்சையும் பற்றவைத்துவிடும். ஃபியூஸ் காப்பாற்றாதா என்றால், ஃபியூஸுக்குப் பிறகு வருகிற வயரைத்தான் அது காப்பாற்றும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரைக்கும் உள்ள துண்டு வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அந்தத் துண்டை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வைத்து, எலிப் பல் இறங்காத உறைக்குள் போட வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் மன்றாடாத குறையாகச் சொல்லி வருகிறேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு வண்டியில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவர்ப் பஞ்சைப் பிய்த்து உருட்டிக் கூடு கட்டியிருந்தது. அதன் நடுவில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் அருகருகே தோலுரிந்து, செம்பு பளபளத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. மேலே ஐந்து மில்லிமீட்டர் நீளப் புழுக்கைகள் ஏராளம். அந்த வண்டியில் இரண்டு சின்னக் குழந்தைகள் படுத்து உறங்கியிருக்கிறார்கள்.

கடிப்பது எலி மட்டுமல்ல. அமெரிக்காவில் செக்கோயா தேசியப் பூங்காவைச் சேர்ந்த மினரல் கிங் என்ற மலைப் பள்ளத்தாக்கில் மார்மட் என்ற பெரிய அணில் இனம் உண்டு. நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு அடியில் புகுந்து ரேடியேட்டர் ஹோஸையும் வயரையும் கடித்துவிடும். அதனால் வண்டியையே அடியிலிருந்து தார்ப்பாய் போட்டுச் சுற்றிக் கட்டச் சொல்லி பூங்கா நிர்வாகமே அறிவுறுத்துகிறது. ஆக, அடிப்பக்கம்தான் வாசல் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இனிச் சொல்லப்போவது எலியைவிட என்னை அதிகம் கவலைப்பட வைக்கிற ஒன்று. தங்கள் கட்டுரையில் இது இடம்பெறவே இல்லை. கேரவனில் ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், சில வண்டிகளில் ஃபிரிட்ஜ்கூட கேஸில் ஓடும். இவற்றின் புகைக்குழாய் வண்டியின் பக்கவாட்டில் திறந்திருக்கும். மண்ணில் கூடு கட்டும் குளவிக்கு அந்தக் குழாய் மிகவும் பிடித்த இடம். வண்டி சில நாள் ஒரே இடத்தில் நின்றாலே ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து உள்ளே பூசிவிடும். சிலந்தி பர்னர் குழாய்க்குள் வலை பின்னும். வலை மெல்லியதுதானே என்று நினைக்க வேண்டாம். பர்னருக்கு வர வேண்டிய காற்றைக் குறைக்க அது போதும். காற்று குறைந்தால் நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி, கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். வெளியே போக வேண்டிய புகைக்கும் குளவிக்கூடு தடுப்பாக இருந்தால் அது உள்ளேதான் வரும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியாமலேயே உயிரை எடுத்துவிடும்.

சிலந்தி ஒரு வண்டிக்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்கிறேன். 2011-ல் மாஸ்டா நிறுவனம் தன் மாஸ்டா 6 கார்களில் 50,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று பெட்ரோல் டாங்க்கின் காற்றுப் போக்கிக் குழாயில் வலை பின்னி அடைத்துவிட்டது. டாங்க்குக்குள் அழுத்தம் குலைந்து அது விரிசல் விட்டு பெட்ரோல் கசியும் அபாயம் வந்துவிட்டது. 2014-ல் மறுபடியும் அதே காரணத்துக்காக ஒரு சுற்று திரும்ப அழைத்தார்கள். பெரிய கார் கம்பெனியே இவ்வளவு பொருட்படுத்திய விஷயத்தை கேரவன் வைத்திருக்கும் நாம் அலட்சியமாக விடலாமா?

ஆகவே, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கேஸ் கருவிகளின் வெளிமூடியைத் திறந்து, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மண் இருந்தால் சுரண்டி எடுங்கள், பர்னரை மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யுங்கள், அது தெரியாதென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டியில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு யாரும் உறங்கக் கூடாது. பூச்சி வலை பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காற்று போகும் ஜன்னலுக்கும் வாட்டர் ஹீட்டர் மூடிக்கும் வலை விற்கிறார்கள். அந்தக் கருவியைச் செய்த கம்பெனி ஒப்புக்கொண்ட வலையாக இருந்தால் போடுங்கள். ஹீட்டரின் புகைக்குழாய் வாயில் கையில் கிடைத்த கொசுவலையைக் கட்டிவைப்பது குளவிக்கூட்டைவிட மோசமான அடைப்பாகிவிடும்.

எலியால் வருகிற நோயைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எலிக்காய்ச்சல் நமக்கெல்லாம் தெரிந்த பெயர். ஹான்டா வைரஸ் அவ்வளவாகத் தெரியாது. எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகப் பறக்கும்போது மூச்சு வழியாக உள்ளே போய் நுரையீரலைத் தாக்கும் வகை ஒன்று அமெரிக்காவில் 1993-ல் அடையாளம் காணப்பட்டது. 2012-ல் யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போன 10 பேருக்கு அது வந்து, 3 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கியது இரட்டைச் சுவர் வைத்த கூடாரங்களில். குளிர் தாங்குவதற்காக இரண்டு சுவருக்கும் நடுவே வைத்திருந்த அடைப்புக்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன. கேரவனின் சுவரும் அதே அமைப்புதான். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு பலகை, நடுவே பஞ்சோ தெர்மக்கோலோ. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து சுவர்த் துளைகளை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

நாளாக நிறுத்திவைத்திருந்த வண்டியைத் திறக்கும்போது புழுக்கை கண்ணில் பட்டால், துடைப்பத்தையோ வாக்குவம் கிளீனரையோ எடுக்காதீர்கள். இதுதான் எல்லோரும் முதலில் செய்வது, இதுதான் ஆபத்தும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே இருங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை மீதும் கூட்டின் மீதும் சொதசொதவென்று நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு காகிதத் துண்டால் வழித்தெடுத்து, பையில் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். பிளீச்சோடு வேறு எந்தச் சுத்தம் செய்யும் திரவத்தையும் கலந்துவிடாதீர்கள்.

இப்போது தங்கள் கட்டுரை சொன்ன மூன்றுக்கு வருகிறேன். மீயொலிக் கருவி எலியை விரட்டும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஓரிரு நாள் எலி தயங்கும், பிறகு பழகிவிடும். மெத்தை, திரை, அலமாரி என்று அடைசலான கேரவனுக்குள் அந்த ஒலி ஒரு பலகையைக்கூடத் தாண்டாது. புதினா எண்ணெய் வாசம் அடங்கியதும் அதுவும் முடிந்தது. இந்த இரண்டும் வீண் செலவு என்று விட்டுவிடலாம். அந்துருண்டையை மட்டும் அப்படி விட மாட்டேன். பூட்டிய டப்பாவில் துணியோடு போடுவதற்காகச் செய்யப்பட்ட நஞ்சு அது. கேரவன் போன்ற சின்ன அறையில் அது ஆவியாகி நிறைந்தால் தலைவலி, குமட்டல் வரும். ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். அந்தக் குறைபாடு தம் பிள்ளைக்கு இருக்கிறதென்று பல பெற்றோருக்குத் தெரிந்தே இருக்காது. எலியோ அந்துருண்டையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தயவுசெய்து அந்த யோசனையை மட்டுமாவது திரும்பப் பெற்று ஒரு வரி வெளியிடுங்கள்.

எலி மருந்தையும் நான் வண்டிக்குள் அனுமதிப்பதில்லை. ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அதற்குள் சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ போய்ச் செத்துக் கிடக்கும், நாற்றம் தாங்காமல் பலகையை அறுத்து எடுக்க என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்கிற ஆந்தைக்கும் நஞ்சு ஏறும். நாம் காட்டுக்குப் போவது ஆந்தையைக் கொல்வதற்கா? பசை அட்டை அதைவிடக் கொடுமை. ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் துடிக்கும், பயத்தில் சிறுநீரும் கழிக்கும். இங்கிலாந்தில் பொதுமக்கள் அதை வைப்பதே 2024 ஜூலை 31 முதல் குற்றம். உள்ளே வந்துவிட்ட எலிக்கு, பட்டென்று அடிக்கும் பழைய ஸ்பிரிங் பொறிதான் சரி. எலி சுவரோரமாகவே ஓடும் என்பதால், இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி பொறியைக் குறுக்கே வையுங்கள். துளை எல்லாம் அடைத்த பிறகு வைக்க வேண்டும். அடைக்காமல் பொறி வைத்தால் ஒன்று போக ஒன்று வந்துகொண்டே இருக்கும். கருவுற்ற மூன்று வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டி ஆறு வாரத்தில் தானே குட்டி போடத் தயாராகிவிடும் பிராணி அது.

பூச்சிகளுக்கும் இதே கணக்குதான், அளவுதான் வேறு. எறும்பு தரையைத் தொடுகிற எதன் மீதும் ஏறி வரும். டயர், தாங்கி நிறுத்தும் ஜாக், தண்ணீர் ஹோஸ், மின் கேபிள். முகாமிடும் இடத்தில் இறங்கியதும் எறும்புப் புற்று இருக்கிறதா என்று தரையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். உள்ளே எறும்பு வரிசையாக வந்துவிட்டால் அதைக் கொல்வதைவிட அது வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடைப்பது முக்கியம். அந்த வாசனைத் தடம்தான் மற்ற எறும்புகளுக்கு வழி சொல்கிறது. சக்கரத்தைச் சுற்றி டயட்டம் மண் என்ற வெள்ளைப் பொடியைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ந்திருக்கும்வரை அது வேலை செய்யும், பூச்சியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி உலர்த்திவிடும். பனி விழுந்தாலோ மழை பெய்தாலோ மறுபடி தூவ வேண்டும். தூவும்போது மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரப்பான் பெரும்பாலும் தானாக வருவதில்லை, நாம்தான் அட்டைப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். சின்னக் கரப்பான் வகையின் ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 குஞ்சு இருக்கும். சாமான்களைப் பெட்டியோடு ஏற்றாமல், வெளியிலேயே பிரித்து, மூடி இறுகுகிற டப்பாக்களுக்கு மாற்றிவிட்டு ஏற்றுவது எங்கள் வழக்கம். நாய், பூனைக்கான தீவனமும் டப்பாவுக்குள் போக வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், எலிக்கு அதுதான் முதல் விருந்து.

கொசுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். தண்ணீர்க் கரையோரம் ஒரு மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கிற கடிக்கும் சிறு ஈக்கள் உண்டு. சாதாரணக் கொசுவலையின் கண் வழியே அவை சிரமமில்லாமல் உள்ளே வரும். அப்படிப்பட்ட இடத்துக்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். கதவுக்கு மேலே எரியும் வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் எல்இடி மாட்டினால், கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே பாயும் கூட்டம் நன்றாகவே குறையும்.

விறகு விஷயம் நம் வண்டியோடு நின்றுவிடுவதில்லை. ஓரிடத்து விறகை வண்டியில் ஏற்றிக்கொண்டு இன்னொரு காட்டுக்குப் போகிறார்கள். அதற்குள் எறும்பும் சிலந்தியும் இருப்பது நமக்குத் தொல்லை. மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு இருந்தால் அந்தக் காட்டுக்கே கேடு. வட அமெரிக்காவில் 2002-ல் மிச்சிகன் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்திருக்கிறது. முகாமிடப் போனவர்கள் கொண்டுபோன விறகு அது பரவிய வழிகளில் ஒன்று. எரிக்கிற இடத்திலேயே விறகு வாங்குங்கள், மீந்ததை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அடுக்கும்போது வண்டியிலிருந்து தள்ளி அடுக்குங்கள்.

வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் செய்தால் போதாது என்பதால் இரண்டு தரப்பாரிடம் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகோள் வைக்கிறேன். முகாம் இடம் நடத்துகிறவர்கள் குப்பைத் தொட்டிக்கு இறுகும் மூடி போட்டு, வண்டி நிற்கும் மேடைகளிலிருந்து தள்ளி வையுங்கள். மேடையைச் சுற்றி முழங்கால் உயரப் புல் வளர விடாதீர்கள். எலி வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும், புல்தான் அதற்கு மறைவு. வண்டி கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இன்னும் கண்டிப்பானது. 12 மில்லிமீட்டர் குழாய்க்கு 40 மில்லிமீட்டர் துளை போடாதீர்கள். போட வேண்டியிருந்தால் வாங்கினவர் பொறுப்பில் விடாமல் நீங்களே உலோக வலை வைத்து மூடிக் கொடுங்கள். அடிப்பக்கம் முழுவதையும் படமெடுத்து, எந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று குறித்து, சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தப் படம் பழைய வண்டி வாங்குகிறவருக்கும், என்னைப் போலப் பழுது பார்க்கிறவருக்கும் எவ்வளவோ உதவும். வண்டி விலையோடு ஒப்பிட்டால் அந்த வலைக்கும் சீலன்ட்டுக்கும் ஆகிற செலவு ஒரு பொருட்டே இல்லை.

தங்கள் பயண இணைப்பில் அடுத்த முறை கேரவனைப் பற்றி எழுதும்போது, அடிப்பக்கத்தில் பார்க்க வேண்டிய துளைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அதை நானே வரைந்து அனுப்பிவைக்கிறேன். மோட்டார் ஹோமுக்கு ஒன்று, இழுத்துச் செல்லும் கேரவனுக்கு ஒன்று என இரண்டாக வரைய வேண்டியிருக்கும், இரண்டிலும் வாசல்கள் வேறு வேறு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வாகன எலக்ட்ரீஷியன்